செம்பின் உள்ளெழுத்து: திருகோணமலைத் துறைமுக வரலாற்றில் ஒரு சான்று

திருகோணமலையின் வரலாற்றை ஆராய்வோர் பொதுவாக மூவகைச் சான்றுகளை நாடுவர். கோணேசர் கல்வெட்டு முதலிய தமிழ் நூல்களும் சாசனங்களும் ஒருவகை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் விட்டுச்சென்ற ஏடுகள் இன்னொரு வகை. மண்ணிலும் கடலிலும் எஞ்சிக் கிடக்கும் கல்லும் உலோகமும் மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையின் அருமையைத் திருகோணமலை மக்கள் நன்கறிவர். 1950 ஆம் ஆண்டில் கிணறு தோண்டியபோது, போர்த்துக்கேயர் காலத்தில் மறைத்துவைக்கப்பட்ட கோணேசர் ஆலயத்துத் திருவுருவங்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. ஏடுகள் கூறாதொழிந்ததை உலோகம் கூறிற்று.

அத்திருவுருவங்கள் வார்க்கப்பட்டவை. அவற்றின் பெருமை உருவத்தில் உள்ளது. பார்த்த அளவில் எவரும் உணர்வர். இத்துறைமுகத்தோடு தொடர்புடைய மற்றொரு வகை உலோகமும் உண்டு. அது வார்த்தபின் அடித்தும் உருட்டியும் இழுத்தும் உருவாக்கப்பட்ட செம்பு. மரக்கலங்களின் அடிப்பாகத்தைப் போர்த்த தகடும், அவற்றின் மரங்களைப் பிணித்த ஆணியும் ஆகும். அதற்கு அழகிய உருவம் இல்லை. எழுத்தும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் அதனுள்ளே, கண்ணுக்குப் புலனாகாத பளிங்குகளின் ஒழுங்கில், அதைச் செய்த கையின் வரலாறு பதிந்துள்ளது. அவ்வுள்ளெழுத்து எவ்வாறு அமைகின்றது, காலம் அதை எவ்வாறு மாற்றுகின்றது, திருகோணமலையின் வரலாற்றிற்கு அது யாது தர வல்லது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1782 ஆம் ஆண்டும் செம்பும்

1782 ஆம் ஆண்டு திருகோணமலை ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிய ஆண்டாகும். ஜனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3 ஆம் நாள், துறைமுகத்தை மீட்க வந்த எட்வேட் ஹியூஸின் கப்பலணிக்கும் சுப்ரேனின் அணிக்கும் திருகோணமலைக் கடலில் பெரும்போர் மூண்டது. 1782 பெப்ரவரியிற் சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பால் தொடங்கி 1783 ஜூனிற் கூடலூருக்கு அப்பால் முடிவுற்ற ஐந்து கடற்போர்களுள் அது நான்காவது.

இப்போர்களை வரலாற்று நூல்கள் தலைவர்களின் துணிவையும் சூழ்ச்சியையும் கொண்டே விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் பொய்யன்று; ஆனால் முழுமையானதும் அன்று. வெப்பக் கடலில் நிற்கும் மரக்கலத்திற்கு இரு பகை உண்டு. ஒன்று மரத்தைத் துளைத்துண்ணும் கப்பற்புழு. மற்றொன்று அடிப்பாகத்திற் படரும் பாசியும் ஒட்டுயிர்களும். முன்னது கலத்தை அழிக்கும். பின்னது அதன் வேகத்தைக் குறைக்கும். இந்துமாகடலின் மரக்கலத்தார் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சினாலும், கலப்பற்றுவேலையினாலும், கலத்தை அடிக்கடி கரையேற்றித் துப்புரவு செய்வதனாலும் இப்பகையை எதிர்த்தனர். பெரும் போர்க்கலங்களுக்கு அது எளிதன்று. அவற்றை ஒருபுறம் சரித்துத் துப்புரவு செய்ய அமைதியான துறைமுகம் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் அத்தகைய புகலிடம் தரவல்லது கீழ்க்கரையில் திருகோணமலையே. அதனை இழந்த ஹியூஸ் அவ்வாண்டின் பருவக்காற்றுக் காலத்தைக் கழிக்கப் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது.

இப்பகைக்கு ஆங்கிலேயர் கண்ட மாற்று செப்புத் தகடு. செம்பு கடல்நீரில் மிக மெல்லக் கரைகின்றது. கரையும் செம்பு ஒட்டுயிர்களுக்கு நஞ்சாகின்றது. புழுவோ தகட்டைத் துளைக்க இயலாது. சுப்ரேனின் அணியிற் சில கப்பல்கள் செப்புத் தகடு பூண்டிருந்தன, சில பூணவில்லை. அணி முழுவதும் தன் மந்தமான உறுப்பின் வேகத்திலேயே செல்லவேண்டியிருத்தலின், தகடு பூணாத கப்பல்கள் பூண்டவற்றின் பயனையும் கெடுத்தன. ஆகவே திருகோணமலைக் கடலில் மோதியவை இரு கொடிகள் மட்டுமல்ல. இரு நாடுகளின் செப்புத் தொழிலுமாகும்.

தகட்டிலிருந்து ஆணிக்கு

ஆங்கிலக் கடற்படை 1761 ஆம் ஆண்டில் ‘அலாம்’ என்னும் கலத்திற்கு முதன்முதலாகச் செப்புத் தகடு போர்த்துச் சோதித்தது. அது மேற்கிந்தியக் கடல்களிற் பணிபுரிந்து மீண்டபின் ஆராய்ந்தபோது, புழு அணுகவில்லை என்பது தெரிந்தது. ஆனால் தகட்டோடு தொடுகையுற்ற இரும்பாணிகள் அரிக்கப்பட்டிருந்தன. தகட்டைப் பொதிந்துவந்த தாள் இடையே அகற்றப்படாது கிடந்த இடங்களில் இரும்பு பெரிதும் கெடாதிருந்தது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடுமாயின் அங்கு ஒரு மின்கலம் தோன்றுகின்றது என்பதும், அதில் இரும்பே தேய்கின்றது என்பதும் அக்காலத்தார் அறியாத உண்மைகள்.

1778 இற் கடற்படைச் சபையின் தலைமையை ஏற்ற சார்ள்ஸ் மிடில்டனின் முயற்சியால், அமெரிக்கப் போர் நடந்த ஆண்டுகளில் ஆங்கிலக் கப்பல்கள் பெருந்தொகையாகச் செம்பு பூண்டன. தகட்டின் வேகம் கிடைத்தது. ஆணியின் இடர் தீரவில்லை. ஏராவையும் வங்குகளையும் பிணித்த இரும்பாணிகள் உள்ளே மறைவாகத் தேய்ந்தன. தூய செம்பினால் ஆணி செய்தாலோ, அது மென்மையானது. பருத்த மரத்தினுள் அடித்து இறக்கும்போது வளைந்துவிடும். கடினமாகவும் இருத்தல் வேண்டும், கடலில் இரும்பைப் போல் அழியாமலும் இருத்தல் வேண்டும் என்னும் இரு தேவைகளை ஒரே ஆணியில் நிறைவேற்றுவதே அன்றைய சிக்கல்.

விடை 1783 இற் கிடைத்தது. வேறொரு உலோகத்தைச் சேர்க்காமலே, செம்புக் கோல்களைப் பள்ளமிட்ட உருளைகளினூடே குளிர்ந்த நிலையிற் செலுத்தி இறுக்கிக் கடினமாக்கும் முறைக்கு வெஸ்ட்வூட், கொலின்ஸ் என்போர் காப்புரிமை பெற்றனர். வேல்ஸ் நாட்டு அங்கிள்சித் தீவின் பாரிஸ் மலைச் செம்பை ஆண்ட தொமஸ் வில்லியம்ஸ் இதற்குத் துணைநின்றார். அவ்வாண்டிலேயே கடற்படை இரும்பாணியைக் கைவிட்டுச் செப்பாணிக்கு மாறத் தொடங்கிற்று. திருகோணமலைப் போருக்கும் இம்மாற்றத்திற்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய ஓராண்டே என்பது கருதத்தக்கது.

பளிங்குகளின் ஒழுங்கு

குளிர்ந்த நிலையில் உருட்டப்பட்ட செம்பு ஏன் கடினமாகின்றது? கன்னார் இதன் பயனை நெடுங்காலமாக அறிவர். செப்புக் குடம் அடிக்கும் கன்னார், தகட்டைப் பட்டடையில் வைத்துச் சிறிது நேரம் அடித்தபின் நெருப்பிலிட்டு ஆறவிட்டு மீண்டும் அடிப்பர். இடையில் நெருப்பிற் காட்டாமல் அடித்துக்கொண்டே போனால் தகடு விறைத்து வெடிக்கும். அடி கடினமாக்கும், நெருப்பு இளக்கும் என்னும் இவ்விரண்டு உண்மைகளே பளிங்கியலின் விளக்கத்திற்கும் அடிப்படை.

செம்பில் அணுக்கள் ஓர் ஒழுங்குடன் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் நிற்பதாகக் கொண்டால் அவ்வொழுங்கு விளங்கும். உருகிய செம்பு உறையும்போது இவ்வடுக்கு ஒரே காலத்திற் பல இடங்களில் தொடங்குகின்றது. ஒவ்வொரு தொடக்கமும் ஒரு பளிங்கு மணியாக வளர்கின்றது. மணிகள் ஒன்றையொன்று முட்டும் இடமே மணியெல்லை. வார்த்த உலோகத்தில் இவை பெரும்பாலும் கிளைவிட்டுப் பரந்து நிற்கும்.

சம்மட்டியோ உருளையோ அழுத்தும்போது, மணிகளுள் அணுத்தளங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குகின்றன. மணிகள் தட்டையாகின்றன அல்லது நீளுகின்றன. அடுக்கிற் குறைகள் மிகுந்து, மேலும் வழுக்க இடமின்றி உலோகம் விறைக்கின்றது. இதனினும் நுட்பமானது வேறொன்று. பலவாறாகத் திரும்பி நின்ற மணிகள், அழுத்தத்தின் திசையை ஒட்டி மெல்லத் திரும்பி, ஒரு பொதுநோக்குக் கொள்கின்றன. இப்பொதுநோக்கே பளிங்கொழுங்கு எனப்படும். உருட்டிய தகட்டிற்கு ஓர் ஒழுங்கு. இழுத்த கோலுக்கு வேறோர் ஒழுங்கு. வார்ப்பிற்கு இன்னுமோர் ஒழுங்கு.

அடித்த செம்பை மீண்டும் சூடாக்கினால், குறைகள் மலிந்த பழைய மணிகளினிடையே குறையற்ற புதிய மணிகள் தோன்றிப் பழையவற்றை விழுங்குகின்றன. அப்புதிய மணிகள் எத்திசையிலும் ஏறத்தாழ ஒரே அளவின. நேரான இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பட்டைகள் போன்ற இரட்டைப் பளிங்குகளை அவற்றினுள்ளே காணலாம். பெரிதும் உருட்டிப் பின் சூடாக்கிய தகட்டில், கனசதுரங்கள் தகட்டின் பரப்பிற்கு இணையாகப் படுத்ததுபோன்ற தனியொழுங்கு தோன்றுவதுமுண்டு. சூடு பழைய ஒழுங்கை அழித்துத் தன் அடையாளத்தை இடுகின்றது எனலாம்.

இதனால் ஒரே கலத்தில் இரு வேறு செம்புகள் இருத்தல் கூடும். கலத்தின் வளைவுகளோடு படிந்து ஒட்டவேண்டிய தகடு இளகியதாய் இருத்தல் நன்று. ஆகவே உருட்டிச் சூடேற்றிய அமைப்பை அதில் எதிர்பார்க்கலாம். மரத்தைத் துளைத்து இறங்கவேண்டிய ஆணி விறைத்ததாய் இருத்தல் வேண்டும். ஆகவே நீண்ட மணிகளும் கோலின் நீளத்தை ஒட்டிய ஒழுங்கும் அதில் நிற்கும். மறுபுறத்தில் வளையத்தின்மீது அடித்து மடித்த ஆணிமுனையில் இன்னும் கடுமையான திரிபு காணப்படும். அம்முனையில் எஞ்சியிருப்பது, பெயர் அறியப்படாத ஒரு கப்பற்றச்சனின் கையடியாகும்.

காலம் செய்யும் மாற்றம்

இனி, காலத்தின் வேலையை நோக்கவேண்டும். அடித்த செம்பு தன்னுள்ளே ஆற்றலைச் சேமித்து வைத்திருப்பதால், இயற்கையாகவே இளகிய நிலைக்கு மீள முயலும். மிகத் தூய செம்பைக் கடுமையாக உருட்டினால், அது சாதாரண வெப்பநிலையிலேயே ஆண்டுகள் செல்லச்செல்ல இளகுவதுண்டு. ஆயினும் தொழிலில் வழங்கும் செம்பிற்கு ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் அளவிலான சூடு வேண்டும். கலந்துள்ள பிற பொருள்களுக்கும் அடிப்பின் அளவிற்கும் ஏற்ப இது கூடும், குறையும். பதினெட்டாம் நூற்றாண்டுச் செம்பு தூயதன்று. ஆர்செனிக்கு, வெள்ளி, ஈயம் முதலியன அதிற் சிறிதளவு கலந்திருந்தன. அவற்றுள் ஆர்செனிக்கும் வெள்ளியும் புதிய மணிகள் தோன்றுவதைத் தடுத்து, இளகும் வெப்பநிலையை உயர்த்துவன. திருகோணமலைக் கடல்நீரின் வெப்பம் ஏறக்குறைய 28 பாகையே. எனவே கடலடியிற் கிடக்கும் ஆணியின் பளிங்கொழுங்கு நூற்றாண்டுகள் கடந்தும் பெரிதும் மாறாது நிற்றல் இயல்பு. அடுக்கின் குறைகளுட் சில அடங்கலாம். மணிகளின் நீட்சியும் பொதுநோக்கும் அழிவதில்லை.

காலம் செம்பை மாற்றுவது உள்ளிருந்தன்று, புறத்திருந்தே. சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றி நிற்கும் ஆணவமலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமையாகக் கூறும். கடலிற் கிடக்கும் செம்பில் அக்களிம்பு பல வடிவங்கொள்ளும். உலோகத்தை ஒட்டிச் சிவந்த ஒட்சைட்டும், அதன்மேற் பசிய குளோரைட்டுச் சேர்மங்களும் படியும். காற்றுப்புகாத சேற்றினுள் புதைந்தால் கரிய சல்பைட்டு உண்டாகும். அரிப்பு எல்லா இடத்தும் ஒருசீராக நடப்பதில்லை. மணியெல்லைகளிலும் கடுமையாக அடிபட்ட பகுதிகளிலும் அது விரைந்து நுழையும். ஆகவே பழைய அடிப்பின் தடத்தைக் கடல் தானே வெளிப்படுத்திக் காட்டுவதுமுண்டு. முழுதும் களிம்பாகிய பொருளிலும், முன்னிருந்த மணிகளின் எல்லைக்கோடுகள் நிழலாக எஞ்சியிருத்தல் கூடும்.

நெருப்பு இதனினும் வேறானது. கடல் நூற்றாண்டுகளில் செய்யாததை அது சில மணிநேரத்திற் செய்யும். எரிந்து மூழ்கிய கலத்தின் ஆணி இளகிப் புதிய மணிகள் பூண்டிருக்கும்; பாறையில் மோதி மூழ்கிய கலத்தின் ஆணி விறைப்பு நீங்காதிருக்கும். ஒரு கலம் எவ்வாறு அழிந்தது என்பதற்கும் செம்பு சாட்சியாகலாம்.

டயோமீட்டும் டிரிங்கோமலியும்

திருகோணமலைக் கடலில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ‘டயோமீட்’ ஆகும். 44 பீரங்கிகள் தாங்கிய இக்கலம் 1781 இல் நீரில் இறக்கப்பட்டது. 1795 ஆகஸ்டில், பீற்றர் ரெய்னியரின் கப்பலணியும் ஜேம்ஸ் ஸ்ருவாட்டின் படையும் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்ற வந்தபோது, ஆகஸ்ட் 2 ஆம் நாள் டயோமீட் நீருள் மறைந்திருந்த பாறையில் மோதி, ஏற்றிவந்த பண்டங்களோடு மூழ்கிற்று. மாலுமிகள் உயிர்தப்பினர். ஆகஸ்ட் 26 ஆம் நாள் திருகோணமலைக் கோட்டை சரணடைந்தது. கோட்டையின் வீழ்ச்சியை எழுதுவோர் டயோமீட்டிற்கு ஒரு வரி ஒதுக்குவர், அதற்குமேற் கூறுவதில்லை.

ஆனால் உலோக வரலாற்றில் அதன் இடம் பெரிது. அது கட்டப்பட்டது செப்பாணிக்கு முந்திய காலம். அழிந்தது செப்பாணி வழக்கில் வந்துவிட்ட காலம். இடைப்பட்ட 14 ஆண்டுகளில் ஒரு போர்க்கலம் எவ்வாறு பழுதுபார்க்கப்பட்டது, பழைய இரும்போடு புதிய செம்பு எவ்வாறு கலந்தது, கிழக்குக் கடல்களில் ஆங்கிலக் கலங்கள் எத்துணை உறுதியோடு நின்றன என்னும் வினாக்களுக்கு விடை கூறத்தக்கவை அத்தகைய கலத்தின் ஆணிகளே.

அடுத்த தலைமுறையின் எடுத்துக்காட்டு, இவ்வூரின் பெயரையே தாங்கிய ‘டிரிங்கோமலி’ என்னும் போர்க்கலம். பம்பாயில் வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்செட்ஜி பொமன்ஜியின் தலைமையில் தேக்குமரத்தாற் கட்டப்பட்ட இக்கலம் 1817 ஒக்டோபர் 12 ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஓக்கு மரம் அருகியமையே இந்தியத் தேக்கை நாடியதற்குக் காரணம். மரம் இந்தியாவினது, தச்சர் இந்தியர். செம்போ கடல்கடந்து வந்தது. 1812 டிசெம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்கரின் ‘கொன்ஸ்ரிரியூசன்’ வென்று எரித்த ‘ஜாவா’ என்னும் ஆங்கிலக் கலம், பம்பாயிற் கட்டப்பட்ட ‘கோர்ன்வாலிஸ்’ கலத்திற்குரிய செம்பை ஏற்றிச் சென்றது என்பதை வரலாறு கூறும். செம்பு வரும் வழி எத்துணை நீண்டது, எத்துணை இடர் நிறைந்தது என்பதற்கு அது சான்று.

கொட்டியாரக் குடாவின் தென்பால், சேருவில நிலப்பகுதியில், காந்தக்கல்லோடு கலந்த செப்புத் தாது கிடந்தமை 1971 ஆம் ஆண்டிலேயே புவிச்சரிதவியலாராற் கண்டறியப்பட்டது. அங்கிள்சிச் செம்பு பூண்ட கலங்கள் தாது பொதிந்த மண்ணுக்கு அருகிலே நங்கூரமிட்டு நின்றன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

டிரிங்கோமலி இன்று இங்கிலாந்தின் ஹாற்றில்பூல் நகரில் மிதந்து நிற்கின்றது. 1987 இல் அங்கு கொண்டுசெல்லப்பட்ட அக்கலத்தின் சீரமைப்பு 2001 இல் நிறைவேறிற்று. டயோமீட்டோ கடலுக்கு இரையாயிற்று. முன்னதற்குக் காப்போர் உளர். பின்னது போன்றவற்றிற்குக் காப்பாவது மக்களின் அறிவே.

படிக்கும் முறையும் காக்கும் கடமையும்

செம்பின் உள்ளெழுத்தைப் படிக்கும் முறை இரண்டு. பழையது, சிறு துண்டொன்றை வெட்டி, கண்ணாடிபோல் மெருகேற்றி, மெல்லிய அரிகரைசலில் நனைத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தல். ஷெபீல்ட் நகரத்து ஹென்றி கிளிப்டன் சோபி 1863 ஆம் ஆண்டளவில் உருக்கில் இம்முறையைத் தொடக்கிவைத்தார். புதியது, நியூத்திரன் கதிரைப் பொருளினூடே செலுத்தி, அது சிதறும் திசைகளைக் கொண்டு பளிங்கொழுங்கைக் கணித்தல். சாதாரண எக்ஸ் கதிர் செம்பின் மேற்பரப்பளவிலே நின்றுவிடும். நியூத்திரன் சில சதமமீற்றர் ஆழமும் ஊடுருவும். ஆகவே பொருளை வெட்டவேண்டுவதில்லை. 1991 இல் அல்ப்ஸ் மலைப் பனியிற் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனிதனின் செப்புக் கோடரியும் இம்முறையால் ஆராயப்பட்டது.

இச்சான்றிற்கும் எல்லை உண்டு. பளிங்கொழுங்கு ஒரு பொருள் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் கூறும். எந்த ஆண்டில் என்பதை நேரே கூறாது. பழைய செம்பை உருக்கி மீண்டும் உருட்டும் வழக்கம் இருந்தமையால், உலோகத்தின் சேர்க்கையும் தனித்து நின்று அதன் பிறப்பிடத்தைத் துணிவிக்காது. ஏடும் உலோகமும் கிடந்த இடமும் ஒன்றையொன்று தாங்கும்போதே முடிபு உறுதிபெறும்.

இங்கேதான் இவ்வாராய்ச்சி பொதுமக்களைத் தொடுகின்றது. கடலினின்றும் எடுத்த செப்பாணி பழைய உலோக வியாபாரத்தில் எடைக்கு விலைபோகும். உலையில் அது 1085 பாகையை எட்டி உருகியதும், உருளையின் தடமும் தச்சனின் அடியும் கடலின் அரிப்பும் ஒருங்கே மறையும். எஞ்சுவது எடையுள்ள வெறுஞ் செம்பு. நன்மனத்தோடு செய்யப்படும் தீங்கும் உண்டு: களிம்பைப் போக்க நெருப்பிற் காட்டுதலும் சுத்தியலால் தட்டி நேராக்குதலும் அவ்வுள்ளெழுத்தின்மேல் வேறெழுத்து எழுதுவதற்கு ஒப்பாகும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பழம்பொருள்களுக்குக் காப்பளிப்பன. ஆயினும் காணும் பொருள் பழம்பொருளென்று அறியாதவனைச் சட்டம் தடுத்தல் அரிது. அந்த அறிவைப் பரப்பும் கடமை கல்விக்கூடங்களுக்குரியது.

கோணேசர் ஆலயத்துத் திருவுருவங்களை மண் காத்துத் தந்தபோது, அவற்றை இனங்கண்டு வணங்கிய மக்கள் இருந்தனர். அதனாலேயே அவை மீண்டன. வளைந்து பசுமை படிந்த ஒரு செப்பாணிக்கு அத்தகைய வணக்கம் வேண்டுவதில்லை. ஆனால் அதனுள்ளே அங்கிள்சிச் சுரங்கத் தொழிலாளியின் உழைப்பும், உருளைச்சாலைக்காரனின் நுட்பமும், பம்பாய்த் தச்சனின் கைத்திறனும் ஒன்றாய் உறைந்திருத்தல் கூடும். ஏடுகள் பெயர் குறியாது விட்ட அம்மாந்தருக்கு இத்துறைமுகத்தின் வரலாற்றில் உரிய இடம் கிடைப்பது, அவர்கள் அடித்த உலோகம் உருக்கப்படாது காக்கப்படுவதைப் பொறுத்ததாகும்.